வாசித்தவர் பங்கு

1942 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் இசைத்தட்டுப் பதிவு நின்றுபோனது. ரெக்கார்டிங் அறைக்குள் யாரும் வாத்தியத்தோடு நுழையக் கூடாது என்று இசைக்கலைஞர் சங்கத்தின் தலைவர் சொன்னார், யாரும் நுழையவில்லை. அது போர்க்காலம். போர்க்காலத் தொழிலாளர் வாரியம் உத்தரவு போட்டுப் பார்த்தது. 1944 அக்டோபரில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டே தந்தியடித்துக் கேட்டார். தலைவர் மசியவில்லை. கடைசியில் கம்பெனிகள்தான் இறங்கிவந்தன.

இன்றைக்கு அதே சங்கம் அதே உத்தரவைப் போட்டால் ஒரு நாள் வேலைகூட நிற்காது. இசையமைப்பாளரின் கணினியில் இருக்கும் சாம்பிள் வயலின்களே பாதி வேலையை முடித்துவிடும். மீதியை வியன்னாவிலோ புடாபெஸ்டிலோ ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்து இணையத்தில் அனுப்பிவிடும். கதவைச் சாத்துவதில் இருந்த பலம் போய்விட்டது. ஆனாலும் அந்தச் சங்கம் சாகவில்லை. வேறொரு இடத்தில் பலம் தேடிக்கொண்டது. அது எந்த இடம் என்பதுதான் இந்த எண்பது வருடக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம்.

படம் பேசியது, கொட்டகை ஊமையானது

அமெரிக்க இசைக்கலைஞர்கள் சம்மேளனம் 1896-ல் இண்டியானாபொலிஸில் தொடங்கியது. அந்தக் காலத்தில் வாசிப்பு என்றால் நேரில் வாசிப்பதுதான். ஊமைப்பட நாட்களில் சம்மேளனத்தின் பெரிய சோற்றுப்பானை சினிமாக் கொட்டகை. சின்ன ஊர் என்றால் திரைக்கு முன்னால் ஒரு பியானோ, பெருநகரம் என்றால் ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா. 1927-ல் ‘தி ஜாஸ் சிங்கர்’ பேசியது, பாடியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 22,000 கொட்டகைக் கலைஞர்களுக்கு வேலை போனது.

சம்மேளனம் முதலில் ரசிகர்களிடம் முறையிட்டது. டப்பாவில் அடைத்த இசை வேண்டாம், உயிருள்ள இசையைக் கேளுங்கள் என்று நாடெங்கும் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது. விளம்பரப் படங்களில் இரும்பு ரோபோ ஒன்று வாத்தியம் வாசித்தது. ஐந்து லட்சம் டாலருக்கு மேல் செலவு. ரசிகர்கள் அதையும் படித்துவிட்டுப் பேசும்படத்துக்கே டிக்கெட் வாங்கினார்கள். கெஞ்சிப் பயனில்லை என்ற பாடம் சங்கத்துக்குள் ஆழமாக இறங்கியது.

அந்தப் பாடத்தைச் சரியாகப் படித்தவர் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ. சிகாகோவில் பிறந்த இத்தாலியக் குடும்பத்துப் பிள்ளை. டிரம்பெட் வாசித்துப் பார்த்தார், பெரிதாக வரவில்லை. சங்கம் நடத்த வந்தது. கிருமிக்குப் பயந்து யாருக்கும் முழுக்கை கொடுக்காமல் சுண்டுவிரலை மட்டும் நீட்டுவார் என்று பத்திரிகைகள் அவரைக் கிண்டலடித்தன. 1940-ல் சம்மேளனத் தலைவரானார்.

அவருடைய வாதம் எளிமையானது. கலைஞர் ஒருநாள் போய் வாசித்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு வருகிறார். அந்தத் தட்டு ரேடியோவிலும் ஜூக்பாக்ஸிலும் வருடக்கணக்கில் சுற்றுகிறது. அது சுற்றுகிற ஒவ்வொரு ஹோட்டலிலும் ஒரு பேண்டுக்கு வேலை போகிறது. ஆக, தன் வேலைக்கு உலை வைக்கிற இயந்திரத்தைத் தானே வாசித்துச் செய்து கொடுக்கிற தொழிலாளி இவர் ஒருவர்தான். இதற்குக் கம்பெனி ஈடு கட்ட வேண்டும் என்றார்.

1942 தடை அப்படி வந்தது. முன்கூட்டியே தெரிந்ததால் கம்பெனிகள் ஜூலை மாதம் முழுக்க இரவு பகலாகப் பதிவு செய்து கையிருப்புச் சேர்த்தன. அது தீர்ந்ததும் பழைய சரக்கைத் தூசி தட்டி எடுத்தன. 1939-ல் பதிவாகி விலைபோகாத ஃபிராங்க் சினாட்ராவின் ஒரு பாட்டு 1943-ல் திரும்ப வெளிவந்து சக்கைப்போடு போட்டது. பாடகர்கள் சம்மேளனத்தில் இல்லை என்பதால் அவர்களுக்குத் தடையும் இல்லை. வாத்தியமே இல்லாமல், பின்னால் ஒரு கோரஸ் மட்டும் வைத்துக்கொண்டு பாட்டுகள் வந்தன. ராணுவ வீரர்களுக்கான தட்டுகளுக்கு மட்டும் பெட்ரில்லோ விலக்குக் கொடுத்தார்.

இதில் ஒரு நஷ்டமும் உண்டு. சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் பீபாப் என்ற புது ஜாஸை உருட்டித் திரட்டிய வருடங்கள் அவைதான். அந்த இசை வளர்ந்த விதத்துக்கு இன்று ஒலிச்சான்று மிகக் குறைவு.

டெக்கா 1943-ல் கையெழுத்துப் போட்டது. கொலம்பியாவும் ஆர்.சி.ஏ. விக்டரும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்துவிட்டுப் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும், விலையைப் பொறுத்துக் கால் சென்டில் தொடங்கி, சங்கத்தின் நிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஊருக்கெல்லாம் சோறு, உலை வைத்தவருக்கு?

அந்தப் பணம் தட்டில் வாசித்தவருக்குப் போகவில்லை. வேலையில்லாத கலைஞர்களைக் கூப்பிட்டு பூங்காவிலும் மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் இலவசக் கச்சேரி நடத்தி, அதற்குச் சம்பளமாகப் போனது. இயந்திரம் பறித்த வேலையை இயந்திரத்தின் காசிலேயே திரும்ப உண்டாக்குவது என்ற யோசனை அது. இவ்வளவு பெரிய பணத்தைச் சங்கமே கையாள்வது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் பிடிக்கவில்லை. 1947-ன் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதைத் தடுத்தது. 1948-ல் பெட்ரில்லோ மறுபடி ஒரு வருடம் பதிவை நிறுத்தினார். முடிவில் நடுநிலை அறங்காவலரின் பொறுப்பில் ஒரு நிதி ஏற்பட்டது. அந்த நிதி இன்றும் இலவசக் கச்சேரிகளுக்குப் பணம் தருகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு புகைச்சல் கிளம்பியது. சம்மேளன உறுப்பினர்களில் பெரும்பாலோர் வேறு பிழைப்பு வைத்துக்கொண்டு சனி, ஞாயிறுகளில் கல்யாணத்துக்கும் நடனத்துக்கும் வாசிப்பவர்கள். ஓட்டு அவர்களிடம் இருந்தது. தட்டிலும் படத்திலும் வாசித்த சில ஆயிரம் பேருக்கு அந்த ஓட்டு பலம் இல்லை. பழைய படங்கள் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டபோது கிடைத்த மறுபயன்பாட்டுத் தொகையையும், பேரம் பேசி வாங்கிய கூலி உயர்வையும் பெட்ரில்லோ அந்தப் பொது நிதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வாசித்தவர் வெறுங்கையோடு நின்றார்.

1956-ல் லாஸ் ஏஞ்சலஸ் கிளையின் டிரம்பெட் கலைஞர் செசில் ரீட் கலகக்கொடி தூக்கினார். சம்மேளனம் அவரை நீக்கியது. 1958-ல் ரீடும் கூட்டாளிகளும் தனிச் சங்கம் கண்டார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் சம்மேளனம் ஸ்டூடியோக்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் அறிவித்திருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே நடந்த தொழிலாளர் வாக்கெடுப்பில் ஸ்டூடியோ கலைஞர்கள் புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பெட்ரில்லோ அதே ஆண்டு தலைமைப் பதவியிலிருந்து விலகினார். 1961-ல் பிரிந்தவர்கள் திரும்பச் சேர்ந்தார்கள். 1964-ல் தட்டுக் கம்பெனிகளின் பணத்தில் ஒரு பகுதி, பதிவில் வாசித்தவர்களுக்கே காசோலையாகப் போகும்படி தனி நிதி பிறந்தது.

வென்றதற்குக் கொடுத்த விலையும் சின்னதல்ல. அதற்கு முன் பெரிய ஸ்டூடியோ ஒவ்வொன்றிலும் மாதச் சம்பளத்துக்கு நிரந்தர ஆர்க்கெஸ்ட்ரா இருந்தது. 1958-க்குப் பிறகு அந்த ஏற்பாடு திரும்பவில்லை. எல்லோரும் அழைத்தால் போகிற தினக்கூலிகளானார்கள்.

இந்த 1958 வேலைநிறுத்தத்தின் ஒரு காட்சியை மறக்கக் கூடாது. ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’வுக்குப் பின்னணி இசை சேர்க்க வேண்டிய நேரம். அமெரிக்காவில் ஆள் இல்லை என்று லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்சம் பதிவானதும், அமெரிக்கச் சகாக்களுக்கு ஆதரவாக லண்டன் கலைஞர்களும் வாத்தியத்தைக் கீழே வைத்தார்கள். மிச்சத்தை வியன்னாவில்தான் முடிக்க முடிந்தது. கடல் தாண்டியும் அன்று சங்கத்தின் சொல் செல்லுபடியானது.

மூன்று மணி நேரம்

அறுபதுகளின் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பதிவு எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் சங்கம் என்ன செய்தது என்பது விளங்கும். ஒரு செஷன் மூன்று மணி நேரம். அதற்குள் அதிகபட்சம் பதினைந்து நிமிட இசையைத்தான் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம். நேரம் தாண்டினால் ஓவர்டைம். இடையில் ஓய்வு உண்டு. புல்லாங்குழலோடு வந்தவர் சாக்ஸபோனும் வாசிக்க நேர்ந்தால் அதற்குக் கூடுதல் சதவீதம். ஆளை அழைப்பது காண்ட்ராக்டர். கூலி சங்க அளவுப்படி, பெயரெடுத்தவர்களுக்கு இரட்டிப்பு. ஓய்வூதியத்துக்கும் கம்பெனி தனியாகக் கட்ட வேண்டும்.

செஷன் முடிந்ததும் ஒரு தாள் நிரப்பப்படும். எந்தத் தேதி, எந்த ஸ்டூடியோ, எந்தப் பாட்டு, யார் என்ன வாத்தியம் வாசித்தார் என்று ஒவ்வொரு பெயராக அதில் ஏறும். ஒரு பிரதி சங்க அலுவலகத்துக்குப் போகும். சம்பளம் சரியாக வந்ததா என்று பார்க்கத்தான் அந்தத் தாள். அதற்குமேல் அதற்கு ஒரு மதிப்பு வரும் என்று அப்போது யாருக்கும் தோன்றியிருக்காது.

ரசிகருக்கோ அந்தப் பெயர்கள் தெரியவே தெரியாது. டிரம்ஸ் ஹால் பிளெய்ன், பேஸ் கித்தார் கேரல் கே, கித்தார் டாமி டெடெஸ்கோ என்று ஒரு சிறு கூட்டம் அந்த நகரத்தின் ஹிட் பாட்டுகளில் பெரும்பங்கை வாசித்தது. ‘ரெக்கிங் க்ரூ’ என்று பின்னால் பெயர் பெற்றவர்கள் இவர்கள்தான். உறையில் இருந்ததோ பாட்டுக்குழுவின் படம். டெட்ராய்ட்டில் மோட்டவுன் கம்பெனிக்கு வாசித்த ‘ஃபங்க் பிரதர்ஸ்’ நிலைமை இன்னும் மோசம். மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் அவர்கள் பெயர் முதன்முதலாக உறையில் அச்சானது. அடுத்த வருடமே கம்பெனி ஊரைக் காலிசெய்துவிட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது.

சங்கத்துக்கு வெளியே மட்டும் அநியாயம் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பல நகரங்களில் கறுப்பினக் கலைஞர்களுக்குத் தனிக் கிளை. லாஸ் ஏஞ்சலஸில் வெள்ளையர் கிளை எண் 47. கறுப்பினத்தவர் கிளை எண் 767. ஸ்டூடியோ அழைப்பு முதல் கிளைக்குத்தான் போகும். சாக்ஸபோன் கலைஞர் பட்டி கோலெட்டும் மார்ல் யங் போன்றவர்களும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1953 ஏப்ரலில் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். பெட்ரில்லோவின் சொந்த ஊரான சிகாகோவில் அது நடக்க 1966 ஆனது.

இன்று: பட்டியலில் இருப்பவருக்கே பணம்

1995-ல் அமெரிக்காவில் டிஜிட்டல் ஒலிபரப்புக்கு ஒரு சட்டம் வந்தது. செயற்கைக்கோள் ரேடியோவும் இணைய ரேடியோவும் கட்டும் ராயல்டியில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு. மிச்சம் 5 சதவீதத்தில் பாதி பின்னால் வாசித்தவர்களுக்கு, பாதி பின்னால் பாடியவர்களுக்கு. இரண்டரை சதவீதம் என்பது பார்க்கச் சின்னது. ஆனால் பக்கவாத்தியக்காரருக்கும் ராயல்டி என்று அமெரிக்கச் சட்டத்தில் எழுதியது பெரிய விஷயம்.

அதைப் பங்கு வைக்க, இசைக்கலைஞர் சம்மேளனமும் பாடகர், நடிகர் சங்கமும் சேர்ந்து ஒரு நிதியை நடத்துகின்றன. அங்கே முக்கால்வாசி வேலை துப்பறிவதுதான். ஒரு பழைய பாட்டு இணைய ரேடியோவில் லட்சம் தடவை ஒலித்திருக்கும். அதில் டாம்பரின் தட்டியவர் யார், இரண்டாவது கித்தார் யார்? அப்போதுதான் அந்தப் பழைய செஷன் தாளைத் தேடி எடுக்கிறார்கள். நிலத்தை உழுதவர் யாராக இருந்தாலும் பட்டாவில் பெயர் உள்ளவருக்குத்தான் இழப்பீடு வரும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தாள் இசைக்கலைஞரின் பட்டா. சங்க விதிப்படி தாள் நிரப்பிய பதிவுக்கு ஆள் கிடைக்கிறார். சங்கத்துக்குத் தெரியாமல் கையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு வாசித்தவரைத் தேடுவது பெரும்பாடு.

சங்கம் தன் பலத்தைக் கண்டுகொண்ட இடம் இதுதான். வேலையை நிறுத்தும் ஆற்றல் கையைவிட்டுப் போனபின், யார் வாசித்தார் என்று சாட்சி சொல்லும் ஆற்றல் மிஞ்சியது. படங்களுக்கும் இதே கதை. 1972-ல் உண்டான ஏற்பாட்டின்படி, ஒரு படம் தியேட்டரை விட்டு தொலைக்காட்சி, வீடியோ என்று போகும்போது வரும் வருமானத்தில் ஒரு சதவீதம் அதில் வாசித்தவர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வீட்டு ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டுக்கு கித்தார் மட்டும் வாசித்து அனுப்புகிறவருக்கும் தனி ஒப்பந்த வடிவம் வைத்திருக்கிறார்கள். காண்ட்ராக்டரும் இல்லை, கண்டக்டரும் இல்லை. தாளும் ஓய்வூதியக் கணக்கும் மட்டும் உண்டு.

2024-ல் ஹாலிவுட் தயாரிப்பாளர்களோடு போட்ட ஒப்பந்தத்தில், ஸ்ட்ரீமிங்குக்கென்றே எடுக்கும் படங்களுக்கும் தொடர்களுக்கும் மறுபயன்பாட்டுத் தொகை முதன்முதலாகச் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு கலைஞரின் இடத்தைப் பிடிப்பதற்கு எதிராகச் சில பாதுகாப்புகளும் எழுதப்பட்டன. 1930-ல் ரோபோவைக் காட்டி ரசிகரிடம் முறையிட்டவர்கள், இப்போது ரோபோவுக்கான நிபந்தனையை முதலாளியிடம் எழுத்தில் வாங்குகிறார்கள். முன்னேற்றம்தான்.

ஆனால் ஒப்பந்தம் பாயும் எல்லை சுருங்கிவிட்டது. 1958-ல் வாத்தியத்தைக் கீழே வைத்த லண்டன் இன்று ஹாலிவுட்டின் முதல் போட்டியாளர். வியன்னா, பிராக், புடாபெஸ்ட், ஸ்கோப்யே என்று பட்டியல் நீள்கிறது. அங்கெல்லாம் பெரும்பாலும் ஒரே தடவை பணம்; பிறகு எந்தப் பாக்கியும் இல்லை. தயாரிப்பாளரைக் கவர்வது மலிவான கூலியைவிட, பின்னால் யாரும் பங்கு கேட்டு வரமாட்டார்கள் என்ற நிம்மதிதான். நல்ல ஒப்பந்தம் போடப்போட வேலை வெளியே போகிறது என்று ஒரு சாரார். ஒப்பந்தத்தைத் தளர்த்தினாலும் அந்தக் கூலிக்கு ஈடுகொடுக்க முடியாது, மரியாதையும் போகும் என்று இன்னொரு சாரார். சங்கத்துக்குள் இந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒரு கணக்கு அப்படியே பாக்கி நிற்கிறது. பெட்ரில்லோவின் முதல் கோபமே ரேடியோ மீதுதான். இன்றுவரை அமெரிக்காவின் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். நிலையங்கள் பாட்டு எழுதியவருக்குப் பணம் கட்டுகின்றன. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு சென்ட் கட்டுவதில்லை. காங்கிரஸில் மசோதா வருகிறது, ரேடியோ முதலாளிகள் தடுக்கிறார்கள், அடுத்த காங்கிரஸில் மறுபடி வருகிறது.

கோடம்பாக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு

சென்னைத் திரையிசைக் கலைஞர்களின் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். கம்யூனிஸ்ட். தொழிற்சங்க வாழ்க்கையைச் சொன்ன ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்தவர். வாசித்த அன்றே கூலி, கால்ஷீட்டுக்கு நேர வரம்பு என்பதெல்லாம் இங்கேயும் போராடித்தான் வந்தன. ஹாலிவுட் வேலை போகிற ஊர்களுக்கே நம் இசையும் போகிறது. ‘ஹே ராம்’ படத்தின் இசையை இளையராஜா பதிவு செய்தது புடாபெஸ்டில். சாம்பிள் வயலின்கள் அங்கே போலவே இங்கேயும் வயலின் வரிசையைக் குறைத்துவிட்டன.

வித்தியாசம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2012-ல் திருத்திய இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துகிற கலைஞருக்கு வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்கிறது. வாத்தியக் கலைஞரும் அந்த வரையறைக்குள் வருகிறார். ஆனால் கூடவே ஒரு விதிவிலக்கு. படத்தில் ஒருவருடைய பங்களிப்பு சாதாரணமானது அல்லது இடைச்செருகலானது என்றால், தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கும் அவர் பெயர் போடப்படவில்லை என்றால், அவர் அந்த வரையறைக்குள் வரமாட்டார். நம் தமிழ்ப்படங்களின் பெரும் ஹிட் பாட்டுகளில் வயலின் வாசித்த முப்பது பேர், தபலா வாசித்தவர், குழல் ஊதியவர் ஆகியோரின் பெயர் எத்தனை படங்களின் டைட்டிலில் வந்திருக்கிறது? இசைக்குழு என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோன படங்கள்தான் அதிகம்.

டைட்டிலில் பெயர் வருவதை இங்கே இன்னும் மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாகவே பேசுகிறோம். பெயர் போட்டால் பெருமை, போடாவிட்டால் மனவருத்தம். சட்டத்தின் கண்ணில் அது சொத்து சம்பந்தப்பட்டது. லாஸ் ஏஞ்சலஸ் கலைஞர்கள் அரை நூற்றாண்டு அடித்துக்கொண்டு கற்ற பாடத்தை நாம் இனாமாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ரெக்கார்டிங்குக்கும் யார் என்ன வாசித்தார் என்று ஒரு பக்கத் தாள், அதில் கையெழுத்து, ஒரு பிரதி சங்கத்துக்கு. இதற்கு வேலைநிறுத்தம் வேண்டாம். எந்தக் கம்பெனியாலும் தடுக்க முடியாது. ராயல்டி வசூலாகிப் பிரிக்கப்படும் நாள் வரும்போது, கணக்கு இல்லாதவர் பங்கும் யாரோ ஒருவர் கணக்கில் வரவாகிவிடும்.